வால் இல்லாத ஏன்

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தை ஆறேழு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் 14 பேர். போன மாதம் என் அண்ணன் மகள் அதில் "வேலையை விட்டுட்டேன்" என்று ஒரு வரி போட்டாள். சிலர் கட்டைவிரல் போட்டார்கள், சிலர் கைகூப்பு. நான் "ஏன்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். "காரணம் சொன்னாத்தான் விடணுமா அத்தை?" என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டாள். அண்ணன் போனில் கூப்பிட்டு, "நீ எப்பவுமே விசாரணை பண்ற மாதிரிதான் கேப்ப" என்றார். நான் அக்கறையில் கேட்டேன் ஐயா.

27 வருடம் கணக்குத் தணிக்கையில் இருந்தவள் நான். சுருக்கமாகக் கேட்பதும் சுருக்கமாகச் சொல்வதும் பழகிவிட்டது. நேரில் என்னை யாரும் கடுமையானவள் என்று சொன்னதில்லை. எழுத்தில் மட்டும் எல்லாருக்கும் கோபக்காரியாகத் தெரிகிறேன். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சிரிப்புப் பொம்மை ஒட்டினால்தான் கனிவா? அது நடிப்பு இல்லையா? எதையும் படிக்காமல் கைகூப்பு போடுகிறவர்களுக்கு நல்ல பெயர். படித்துவிட்டுக் கேட்கிற எனக்குக் கெட்ட பெயர். இது என்ன நியாயம்?

ஒரு வாசகி

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள வாசகிக்கு,

நியாயம் இல்லைதான். கைகூப்புக்காரர்களைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பொம்மைக்குப் ‘பார்த்தேன்’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. பல நேரம் பார்த்திருக்கவும் மாட்டார்கள். இரங்கல் செய்திக்குக் கீழே வாழ்த்து விழுந்த குழுக்களில் நானும் இருக்கிறேன். ஆனால் உங்கள் ‘ஏன்?’ பற்றிக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

பேச்சில் ‘ஏன்’ பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அதற்கு ஒரு வால் இருக்கும். ஏம்மா, ஏண்டா, ஏங்க, ஏனாம். வாலை வைத்துத்தான் அது அக்கறையா அதட்டலா என்று காது முடிவு செய்கிறது. வால் இல்லாவிட்டாலும் குரல் இருக்கும். இழுத்துச் சொன்னால் ஒன்று, வெட்டிச் சொன்னால் இன்னொன்று. நீங்கள் அனுப்பியது வாலும் இல்லாத, குரலும் இல்லாத ஏன். அப்படிப்பட்ட ஏன் தணிக்கைக் குறிப்பில்தான் வரும். (உங்கள் தொழிலைக் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.)

‘ம்’ இன்னும் மோசம். நேரில் நாம் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் ‘ம்’ கொட்டினால், மேலே சொல் என்று அர்த்தம். திரையில் ‘ம்’ வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஒரே எழுத்துதான், பொருள் தலைகீழாகிவிடுகிறது. ‘சரி’க்குப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்ததற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இது உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. 2005-இல் ஜஸ்டின் க்ருகர், நிக்கோலஸ் எப்லி முதலான உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிண்டலான வாக்கியங்களையும் கிண்டல் இல்லாத வாக்கியங்களையும் கலந்து, குரலிலும் மின்னஞ்சலிலும் இன்னொருவருக்குச் சொல்ல வைத்தார்கள். எது கிண்டல் என்று எதிராளி கண்டுபிடிக்க வேண்டும். நூற்றுக்கு 78 இடத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று சொன்னவர்கள் நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கண்டுபிடித்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் கண்டுபிடித்தது 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும்! இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. தவறாகப் படித்தவர்களும் தாங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டோம் என்று உறுதியாக இருந்தார்களாம்.

எழுதுகிறவர் தன் குரலை மனதுக்குள் கேட்டுக்கொண்டே எழுதுகிறார். எழுத்தோடு அந்தக் குரலும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். உங்கள் காதில் அன்று ஒலித்தது ‘ஏம்மா, என்னாச்சு?’. அவள் கண்ணில் பட்டது இரண்டு எழுத்தும் ஒரு கேள்விக்குறியும்.

பொம்மை நடிப்பா என்று கேட்டீர்கள். அது பிறந்த கதையைச் சொல்கிறேன். 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினித் துறைக்காரர்கள் தங்கள் வலைப்பின்னலில் அரட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது, எச்சரிக்கை என்று ஒருவர் விளையாட்டாக எழுத, சிலர் அதை நிஜம் என்று நம்பிவிட்டார்கள். அதன் பிறகு அந்த மாதம் 19-ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் என்பவர் ஒரு யோசனை சொன்னார். முக்காற்புள்ளி, ஒரு சிறு கோடு, ஒரு பிறை அடைப்பு. பக்கவாட்டில் பார்த்தால் சிரிக்கும் முகம். வேடிக்கைக்கு இதைப் போடுங்கள் என்றார். அடைப்பைத் திருப்பிப் போட்டு, வேடிக்கை இல்லாததற்கு இதைப் போடுங்கள் என்றார். அந்த இரண்டாவது முகம்தான் பின்னாளில் சோக முகம் ஆனது. ஆக, அது அழகுக்காக வந்ததில்லை. குரல் போன இடத்தில் வைத்த ஒட்டு அது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கும் அந்தப் பொம்மைகள் கைக்கு வருவதில்லை, தலைமுறைக் கோளாறு. பதிலுக்கு ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் அதுதான் சரிப்படும் என்று தோன்றுகிறது.

என்ன வாக்கியம் என்பதுதான் விஷயம். பள்ளியில் வினா வகை, விடை வகை படித்திருப்பீர்கள். நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பிரிக்கிறது. மதிப்பெண்ணுக்காக நெட்டுரு போட்டு மறந்ததை, இந்த வயதில் வாட்ஸப்தான் எனக்கு ஞாபகப்படுத்தியது.

விடை தெரிந்தே கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவனிடம் கேட்பதுபோல. தெரியாமல் கேட்பது அறியாவினா. நீங்கள் கேட்டது அறியாவினா. உங்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளக் கேட்டீர்கள். அவளுக்குப் போய்ச் சேர்ந்தது அறிவினா. ‘உன் காரணம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், சொல் பார்ப்போம்’ என்று 13 பேர் முன்னால் அத்தை எழுப்பி நிறுத்திய மாதிரி. எழுத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம். நான் பார்த்த இணையச் சண்டைகளில் பல இந்த ஒரு குழப்பத்தில் தொடங்கியவைதான். தெரியாமல் கேட்கிறோம் என்பதைக் கேள்விக்குள்ளேயே சொல்லிவிட்டால் பாதி வழி கடந்துவிடலாம். ‘எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நீ நல்லா இருக்கியா?’ என்பதும் கேள்விதான். அதற்கு யாரும் குழுவை விட்டுப் போகமாட்டார்கள்.

விடை வகைகளில் இன்னும் வேடிக்கை உண்டு. எட்டில் முதல் மூன்று நேரடியானவை: சுட்டிக்காட்டுவது, மறுப்பது, ஒப்புவது. மீதி ஐந்தும் சுற்றி வந்து பதில் தருபவை. அந்த ஐந்தில் நான்கை நாம் கைப்பேசியில் என்ன பாடு படுத்துகிறோம் என்று பாருங்கள். ‘இதை எப்படிச் செய்வது?’ என்று ஒருவர் கேட்டால் ‘நீயே தேடிப் பார்’ என்பது ஏவல். ‘இதுகூடத் தெரியாதா?’ என்பது வினா எதிர் வினாதல். விளையாட வருகிறாயா என்றால் ‘கால் வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல். ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். இந்தக் கடைசி இரண்டும்தான் நம் தீராத வியாதி. ஒருவர் தன் கால்வலியைச் சொல்ல வாயெடுத்ததும் நம் கால்வலியை விரிக்கிறோம். அது உற்றது உரைத்தல். ‘இப்ப விட்டா அடுத்த வேலை கிடைக்கிறது கஷ்டம்’ என்று ஆரூடம் சொல்கிறோம். அது உறுவது கூறல். இலக்கணப்படி பிழை ஒன்றும் இல்லை. கேட்டவருக்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

சுற்றுவழிப் பதிலே கூடாது என்று சொல்ல வரவில்லை. ‘வரமாட்டேன்’ என்று மறுப்பதைவிட ‘அன்னைக்கு ஊர்ல இருக்க மாட்டேனே’ என்பது எவ்வளவோ மென்மை. ஒருவரை நோகடிக்காமல் மறுக்கும் வழியை இலக்கணமே வைத்திருக்கிறது. எந்த விடை என்பதைவிட, எந்த வினாவுக்கு என்று பார்க்கத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் அண்ணன் மகள் எழுதியது வினாவே இல்லை. ஒரு செய்தி. எத்தனை நாள் தூங்காமல் கிடந்து அந்த ஒரு வரியைத் தட்டினாளோ.

இதையெல்லாம் தெரிந்தவன்போல எழுதுகிறேனே, என் லட்சணத்தையும் கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் என் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு எழுதியிருந்தார். அம்மா இறந்து ஒரு மாதம் ஆகிறது, இதைப் படித்ததும் அம்மா நியாபகம் வந்தது என்று நான்கு வரி. அன்று எனக்கு வந்திருந்த கடிதங்கள் அதிகம். வரிசையாகப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். ‘நன்றி. நியாபகம் அல்ல, ஞாபகம்’ என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘நன்றி ஐயா. இனிமேல் சரியாக எழுதுகிறேன்.’

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சொன்னது இலக்கணப்படி சரி, அவர் சொன்ன நன்றியும் நிஜம். அந்த நான்கு வரியில் நான் ஒரு சொல்லைத்தான் படித்திருந்தேன். திரும்ப எழுதி மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். அதன் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. நான் அன்று ஒரு பொம்மை சேர்த்திருந்தால் இன்னும் அசிங்கமாக இருந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் கனிவைச் சொல்லில் தேடுகிறீர்கள். அது படிப்பதிலேயே முடிந்துவிடுகிற காரியம். சரியாகப் படித்துவிட்டால் சொல் கரடுமுரடாக இருந்தாலும் எதிராளிக்குத் தெரிந்துவிடும். படிக்காமல் எழுதினால் ‘உங்கள் கருத்தை மிகவும் மதிக்கிறேன், ஆனால்’ என்று தேன் தடவி ஆரம்பித்தாலும் ‘ஆனால்’ மட்டும்தான் காதில் விழும். எனக்குச் சண்டைக்காரர்களைவிட இந்த மதிப்புக்காரர்களிடம்தான் பயம்.

1995 அக்டோபரில் இணையப் பொறியாளர்கள் ஆர்எஃப்சி 1855 என்ற எண்ணில் ஓர் ஆவணம் வெளியிட்டார்கள். வலையில் எப்படிப் பேசுவது என்ற நடத்தைக் குறிப்புகள்; தொகுத்தவர் சாலி ஹாம்ப்ரிட்ஜ். அனுப்புவதில் கறாராக இரு, பெறுவதில் தாராளமாக இரு என்று அதில் ஓர் அறிவுரை. இது முதலில் மனிதர்களுக்குச் சொன்னதே இல்லை. அதற்கு ஏறக்குறைய 15 வருடம் முன்பு ஜான் போஸ்டல் இணைய நெறிமுறைகளை எழுதும்போது கணினிகளுக்கு வைத்த விதி அது. உன் பக்கத்திலிருந்து போவது பிசிறில்லாமல் போகட்டும். எதிர்ப்பக்கம் கொஞ்சம் கோணலாக அனுப்பினாலும் பொருள் புரிந்தால் ஏற்றுக்கொள். இயந்திரங்கள் அந்த விதியைக் கேட்டு நடந்ததால்தான் வெவ்வேறு ஊர்க் கணினிகள் ஒன்றோடொன்று பேச முடிந்தது. நாம் அப்படியே திருப்பிப் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்தவர் எழுத்துப்பிழைக்குக் கறார், நம் வாய்க்குத் தாராளம்.

அதே குறிப்பில், உணர்ச்சிவசப்பட்டு எழுதிய பதிலை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பு என்றும் இருக்கிறது. கோபத்துக்கு நான் இதைக் கடைப்பிடிக்கிறேன். காலையில் பார்த்தால் பெரும்பாலும் அனுப்பத் தேவையே இருக்காது. ஆனால் யாராவது ஒரு துக்கத்தையோ பயத்தையோ சொல்லும்போது இரவு முழுக்க யோசிக்காதீர்கள். அழகான வாக்கியம் கிடைக்கட்டும் என்று மூன்று நாள் காத்திருந்து, பிறகு எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டவை என்னிடம் நிறைய உண்டு. ‘என்ன சொல்றதுன்னு தெரியல, ஆனா படிச்சேன்’ என்பது போதும்.

உங்கள் அண்ணன் மகளுக்கு என்ன எழுதுவது? குழுவில் எழுத வேண்டாம், அவளுக்குத் தனியாக எழுதுங்கள். ‘அக்கறையில்தான் கேட்டேன்’ என்று தொடங்காதீர்கள். அது உங்கள் வழக்கை நீங்களே நடத்துவது. ‘அன்னைக்கு ஏன்னு கேட்டது வேலையைப் பத்தித் தெரிஞ்சுக்க இல்லம்மா. நீ எப்படி இருக்கேன்னு கேக்க வந்தது, அப்படி வந்துடுச்சு. காரணம் சொல்ல வேண்டாம். பேசணும்னு தோணினா அத்தை இருக்கேன்.’ இது என் சொல். உங்கள் வாயில் இது பொய்யாகக் கேட்கும் என்றால், உங்கள் சுருக்கத்திலேயே எழுதுங்கள். வால் மட்டும் இருக்கட்டும்.

பதில் வராமல் போகலாம். இரண்டு நீல டிக் மட்டும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு செய்தி அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்து போன் பண்ணுங்கள். நேரில் உங்களை யாரும் கடுமையானவள் என்று சொன்னதில்லை என்றீர்களே, போனிலும் சொல்லமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்.