வேகன் சேஸியும் அடம்பிடிக்கும் சக்கரமும்: கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் மாடல் ரயில் கட்டுகிறவர்கள் கேட்டவை இவை. பெரும்பாலும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் பிளாஸ்டிக் வேகன் கிட்டுகளைப் பற்றியவை.

மஞ்சக்குப்பம்: சார், நாலு சக்கர வேகன் ஒட்டி முடிச்சாச்சு. மூணு சக்கரம் உட்காருது, ஒண்ணு அந்தரத்துல நிக்குது. பாயிண்ட் (தடம் பிரியற இடம்) வந்தா இறங்கிடுது. வேற சக்கரம் வாங்கணுமா?

வேண்டாம். சக்கரத்தின் மேல் பழி போடாதீர்கள், கோணல் சட்டத்தில் இருக்கிறது. இரண்டு பக்கச் சட்டங்களில் ஒன்று முறுக்கிக்கொண்டு காய்ந்திருக்கும். கிட்டோடு வரும் குறிப்பை நம்பி, முதலில் சட்டத்தை ஒட்டி, காய்ந்த பிறகு சக்கரத்தைத் திணிப்பவர்களுக்கெல்லாம் இதுதான் நடக்கிறது. சக்கரம் உள்ளே இருக்கும்போதே சட்டம் காய வேண்டும். அடுத்த வேகனில் ஒரு பக்கத்தை ஒட்டி நிமிர்த்துங்கள். பேரிங்குகளைப் போட்டு, அச்சுகளை வைத்து, மறுபக்கத்தை ஒட்டுங்கள். பசை இளகியிருக்கும்போதே கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி, நாலு சக்கரமும் தொடும்வரை மெல்ல அழுத்தி, மேலே எடை வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். கண்ணாடிக் கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டே போதும். அச்சு சட்டத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று சின்ன மூலைமட்டத்தால் பாருங்கள்.

காய்ந்துவிட்டதை வெந்நீரில் போட்டு முறுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓர் அச்சின் இருமுனைகளையும் பிடிக்கும் தாங்கிக் கால்களை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ஒரு கம்பியின் மேல் பக்கவாட்டில் ஆடும் பித்தளைத் தாங்கியைப் பொருத்துங்கள். முக்காலிக்குத் தரை மேடுபள்ளம் ஒரு பொருட்டில்லை, அந்தக் கணக்குதான்.

லாஸ்பேட்டை: அண்ணா, அச்சு லொடலொடன்னு இருக்கு. வண்டியைத் தூக்கினா சக்கரம் கீழ விழுது.

அச்சின் நீளத்தை முதலில் அளந்து பாருங்கள், தம்பி. கூர்முனையிலிருந்து கூர்முனை வரை. பிரிட்டிஷ் கிட்டுகள் பெரும்பாலும் 26 மி.மீ. அச்சை எதிர்பார்க்கும். ஐரோப்பியச் சக்கரங்களில் 24.5 மி.மீ. அளவில் வருபவை உண்டு. தண்டவாளம் ஒன்றுதானே என்று அதை இதில் போட்டால் விழத்தான் செய்யும். நீளம் சரியாக இருந்தும் ஆடினால், பித்தளைப் பேரிங்கின் விளிம்புக்குப் பின்னால் மெல்லிய வாஷர் ஒன்று கொடுங்கள். கால்களை உள்ளே நெருக்கி ஒட்டுவது மட்டும் வேண்டாம். கால் சாய்ந்தால் அச்சுமுனை குழியின் நடுவில் உட்காராது, சுவரில் உரசும்.

நெல்லிக்குப்பம்: எனக்கு நேர் எதிர். ஊதினாக்கூடச் சுத்த மாட்டேங்குது.

பேரிங் முழுசாக உள்ளே போகவில்லை. துளையின் அடியில் பிசிறு நிற்கும், அல்லது ஆழம் போதாது. வழக்கமான பேரிங்குக்கு 2 மி.மீ. துளை. மோட்டார் டிரில்லைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக் உருகிவிடும். பொற்கொல்லர் சாமான் விற்கும் கடையில் கைத்திருகுப் பிடி கிடைக்கும், அதில் பிட்டை மாட்டி விரலால் திருகுங்கள். பிட்டில் சின்ன டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அச்சுப்பெட்டியின் முகத்தைப் பிய்த்துக்கொண்டு பிட் வெளியே எட்டிப் பார்க்கும். இவ்வளவும் செய்து இன்னும் இறுக்கமென்றால் பிரேக் கட்டைகளைப் பாருங்கள். சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

முத்தியால்பேட்டை: தட்டையா உட்காருது, நல்லா சுத்துது. ஆனா பாயிண்டுல மட்டும் துள்ளுது.

ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்புற முகங்களுக்கு நடுவே வெர்னியர் வைத்துப் பாருங்கள். இந்தத் தண்டவாளத்துக்கு 14.4 முதல் 14.5 மி.மீ. வரை இருக்கலாம். குறைந்தால், பாயிண்டில் சக்கரத்தை வழிநடத்த உட்புறம் வைத்திருக்கும் காவல் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு மேலேறும். கூடினால் சக்கர விளிம்பு, இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தின் கூர்முனையில் மோதும். சக்கரத்தைத் திருகிக்கொண்டே இழுத்துச் சரிசெய்யலாம். தட்டக் கூடாது, முனை மழுங்கும்.

கடலூர் முதுநகர்: துறைமுக ஜங்ஷனில் மீட்டர் கேஜ் ஓடின காலத்து வேகன் செய்ய ஆசை. அதே 26 மி.மீ. அச்சு ஆகுமா?

நல்ல ஆசை. 1:87 அளவில் 1000 மி.மீ. பாதை 11.5 மி.மீ. ஆகிறது, 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுவார்கள். அச்சின் நீளத்தைத் தீர்மானிப்பது தண்டவாளம் அல்ல, தாங்கிக் கால்களின் இடைவெளி. அகலமான கிட்டை வைத்துச் செய்தால் அதே அச்சில் சக்கரங்களை உள்ளே தள்ளிக்கொள்ளலாம். ஆனால் சக்கரம் காலைவிட்டு ஒதுங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியும். சட்டத்தையே குறுக்கிக் கட்டி, குட்டை அச்சு போடுவதுதான் என் கட்சி. இன்றைய அகலப் பாதை 1676 மி.மீ.; சரியாகச் செய்தால் 19.3 மி.மீ. வரும். நம்மவர்கள் பலர் 16.5-லேயே ஓட்டுகிறார்கள், அதில் குற்றம் காண மாட்டேன்.

நெய்வேலி: உலோகச் சக்கரம் மாத்தினதும் கன்ட்ரோலர் கட் ஆகுது.

இரண்டு பக்கமும் மின்கடத்தாப் புஷ் (சக்கரத்தையும் அச்சையும் பிரிக்கும் வளையம்) இல்லாத ஜோடி, அதன் வழியாக இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகிறது. ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

வெள்ளிக் கடற்கரை பக்கம்: தையல் மிஷின் எண்ணெய் விடலாமா?

தூசியைச் சேர்த்துக் கூழாக்கிவிடும், வேண்டாம். கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை. உப்புக்காற்று எஃகு முனையில் துருவேற்றும்; வேகன்களை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

சிதம்பரம்: த்ரீடி பிரிண்ட் சேஸி. மொட்டை மாடி ஷெட்டுல வச்சிருந்தேன், வளைஞ்சுபோச்சு.

பிஎல்ஏவாக இருக்கும், த்ரீடி பிரிண்டுக்கு வழக்கமாகப் போடும் பிளாஸ்டிக். 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும், சித்திரை வெயிலில் மூடிய கார் போதும் அதற்கு. அதை நிமிர்த்தப் பாடுபடாமல் வேறு பிளாஸ்டிக்கில் அச்சடியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: எடை எவ்வளவு வைக்கணும்?

அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கக் கணக்கில் 28 கிராம், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 14 கிராம். பிரிட்டிஷ் பாணியில் அச்சுக்கு 25 கிராம் போதும் என்பார்கள். சின்ன நாலு சக்கர வேகனுக்கு நான் இரண்டாவதையே எடுப்பேன். எந்தக் கணக்கானாலும் ஈயத்துண்டைத் தரையோடு தாழ்த்தி, இரண்டு அச்சுக்கும் நடுவில் ஒட்டுங்கள்.