வெளிச்சுவர்ப் பூச்சை எந்தப் பருவத்தில் மாற்றுவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் மாடி வீடு கட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கிழக்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் சிமெண்ட் பூச்சு உப்பி, சில இடங்களில் பெயர்ந்து விழுகிறது. துபாயில் கட்டட வேலையில் இருக்கும் என் தம்பி, "அக்கா, இங்கே இந்த வேலையைக் குளிர்காலத்தில்தான் செய்வோம், நீயும் டிசம்பரிலேயே முடித்துவிடு" என்கிறான். எங்கள் கொத்தனாரோ சித்திரை வெயிலில் பூசினால்தான் நன்றாகக் காயும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் தம்பி சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. கொத்தனார் சொல்வதில் பாதி சரி. தண்டையார்பேட்டைச் சுவருக்கு என் பரிந்துரை இது: பொங்கல் முடிந்த வாரத்தில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிடுங்கள். சுவரை மூன்று வாரமாவது காற்றாட விடுங்கள். பிப்ரவரி நடுவில் புதுப் பூச்சைத் தொடங்கி மார்ச் முதல் வாரத்துக்குள் முடித்து, வண்ணத்தை ஏப்ரலில் அடியுங்கள். இடையில் விடச் சொல்லும் அந்த மூன்று வாரத்தைத்தான் பெரும்பாலோர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். சாரத்துக்கு வாடகை ஓடுகிறதே என்ற கவலையில் அவசரப்பட்டுப் பூசிய சுவர்களே ஓரிரு மழைக்காலத்துக்குள் மறுபடி உப்புகின்றன.

பாலைவன ஊர்களின் கணக்கு வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணிவரை திறந்தவெளி வேலைக்கு அரசே தடை விதிக்கும் அளவுக்குக் கோடை கடுமையானது. அந்த வெயிலிலும் வறண்ட காற்றிலும் சுவரில் பூசிய கலவையின் ஈரம் சில மணி நேரத்தில் பறந்துவிடும். சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது என்பதால், ஈரம் முன்கூட்டியே போய்விட்டால் பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடித்து, விரலால் தேய்த்தாலே மாவாக உதிரும். அங்கே குளிர்காலத்தில் வெயிலும் தணிந்து, மழையும் சொற்பமாக இருப்பதால் டிசம்பர் உகந்த மாதமாகிறது. சென்னையின் டிசம்பரோ வடகிழக்குப் பருவமழைக் காலம். நமக்கு ஆண்டில் ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதுவும் கடற்பக்கக் காற்றோடு சாய்ந்து அடிப்பதால் கிழக்குச் சுவரும் வடக்குச் சுவரும்தான் அதிகம் ஊறுகின்றன. உங்கள் வீட்டில் அந்த இரண்டுமே கெட்டிருப்பதில் வியப்பில்லை.

வடசென்னையில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய பகுதிகளில் காற்றே உப்பைக் கொண்டுவந்து சுவரில் படிய வைக்க, மழை அதைக் கரைத்துச் செங்கல்லுக்குள் இறக்குகிறது. மழை ஓய்ந்து சுவர் உலரும்போது உள்ளிருக்கும் நீர் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளிமுகத்துக்கு வரும். நீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் பூச்சின் பின்புறத்தில் படிகமாகத் திரண்டு, பூச்சைச் செங்கல்லிலிருந்து நெம்பித் தள்ளும். ஆகவே மழை நின்ற கையோடு ஊறிய சுவரின் மேல் புதுக் கலவையைப் பூசுவது, உப்பை உள்ளே வைத்து மூடுவதாகவே முடியும்.

பழைய பூச்சை எடுத்த சில நாட்களில் செங்கல்லின் மேல் வெள்ளையாக உப்பு பூப்பதைப் பார்ப்பீர்கள். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும். உலர்ந்த நார் பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விழும் தூளைச் சுவரடியில் விடாமல் அள்ளி அப்புறப்படுத்துங்கள். இரண்டு மூன்று நாளில் மீண்டும் பூக்கும், மீண்டும் தேயுங்கள். பூப்பது குறைந்த பிறகு, ஓரடிச் சதுரத்தில் ஒரு பாலிதீன் தாளை வெட்டி, சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் உலரவில்லை என்று பொருள். இன்னொரு வாரம் பொறுங்கள், அதன் பிறகு மறுபடி சோதியுங்கள்.

இந்தக் காத்திருப்பு வீண் போகாது, ஓதத்தின் காரணத்தைத் தேடிச் சரிசெய்ய இதுவே வாய்ப்பு. மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் தலைப்பகுதி விரிந்திருக்கிறதா, சன்ஷேடின் மேல் தண்ணீர் தேங்குகிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். தூண், விட்டம், சன்ஷேடு ஆகியவற்றை ஒட்டி நேர்கோடாக விரிசல் ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கியிருக்கக்கூடும். அங்கே தளர்ந்த கான்கிரீட்டை நீக்கி, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்துச் செப்பனிட்ட பிறகே மேலே பூச வேண்டும். இதைச் செய்யாவிட்டால் எந்த மாதத்தில் பூசினாலும் நிற்காது.

சித்திரைக்கு வருகிறேன். சுவர் காய வெயில் வேண்டும் என்ற அளவில் உங்கள் கொத்தனார் சொல்வது உண்மை, ஆனால் பூசிய கலவைக்கு அதே வெயில் பகை. கத்திரி மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை நீடிக்கிறது. கடற்காற்று தாமதமாகும் நாட்களில் மேற்கிலிருந்து வரும் அனல்காற்று பூச்சின் ஈரத்தை உறிஞ்சிவிடும். நீராற்றுவதற்கு, அதாவது பூசிய கலவை இறுகும்வரை தொடர்ந்து நனைத்து வைப்பதற்கு, அப்போது தண்ணீர் கிடைப்பதும் பாடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பகல் வெறிச்சென்றிருந்தாலும் மாலையிலும் இரவிலும் இடிமழை திடீரென்று வரும். ஒரே ஒரு சுவரென்றால் தார்ப்பாய் கட்டிச் சமாளிக்கலாம், இரண்டு சுவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் பகுதியில் பல வீடுகளின் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். அதில் கலவை குழைத்து, அதையே அடித்து நீராற்றினால், மூன்று வாரம் தேய்த்து எடுத்த உப்பை நாமே திரும்ப ஊட்டுகிறோம். மெட்ரோ வாட்டரோ நல்ல லாரித் தண்ணீரோதான் வேண்டும். மணலும் சலித்த, உப்பில்லாத பூச்சு மணலாக இருக்கட்டும். வெளிச்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் போதும், சிமெண்டைக் கூட்டினால் வலு கூடும் என்று நினைத்துக் கூட்டினால் விரிசல்தான் கூடும். இரண்டு கோட்டாக மொத்தம் 20 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசச் சொல்லுங்கள். முதல் கோட்டை வழவழப்பாக்காமல் கீறிவிட்டு, ஓரிரு நாள் நனைத்துவிட்டு அடுத்ததைப் பூசலாம். செங்கல் சுவர் கான்கிரீட் தூணோடு சேரும் இடங்களில் கோழிவலை அடித்துப் பூசினால் அந்த இணைப்பில் வெடிப்பு வருவது குறையும்.

கிழக்குச் சுவரில் காலை வெயில் நேராக விழும் என்பதால், அங்கே பிற்பகலிலும் வடக்குச் சுவரில் காலையிலும் வேலை நடக்கட்டும். கடைகளில் இன்று பெரும்பாலும் கிடைக்கும், சாம்பல் கலந்த பிபிசி (PPC) வகை சிமெண்ட் மெதுவாக இறுகுவது. ஆகவே ஏழு நாளோடு நிறுத்தாமல் பத்து நாளாவது நீராற்றுங்கள். கடற்காற்று வீசும் பிற்பகலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் ஈரம் நிற்கும்.

பூச்சு முடிந்து 28 நாள் கழித்து, மீண்டும் உப்பு பூக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பிரைமர் அடியுங்கள். சுவரின் ஆவி வெளியேற விடும் வெளிப்புற எமல்ஷன் வண்ணம் போதும், எண்ணெய்ப் பூச்சு வேண்டாம்.

தை பிறந்துவிட்டால் கிரகப்பிரவேச வேலைகள் குவிந்து நல்ல கொத்தனார் கிடைப்பது அரிதாகும் என்பதால், ஆளையும் சாரத்தையும் மார்கழியிலேயே பேசிவையுங்கள். அதுவரை, கரணைப் பிடியால் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் வரும் துண்டுகளில் வாசலுக்கும் தெருவுக்கும் மேலே இருப்பவற்றை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள்.