பால் இல்லாத பாம்பே டோஸ்ட்: எந்த பிரெட்டை வாங்குவது?

கேள்வி: என் பையனுக்குப் பால் அலர்ஜி என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் ஸ்கூல் வேன் வருவதற்குள் இனிப்பாக டோஸ்ட் வேண்டும் என்கிறான். பச்சைப் புள்ளி போட்ட பிரெட் என்றால் பால் இருக்காதா? ஆன்லைனில் விற்கும் விலை கூடிய வீகன் பட்டரை வாங்கத்தான் வேண்டுமா? – வாசகி, காட்பாடி

பதில்: பட்டர் வேண்டாம். அந்தப் பணத்தில் வேலூர் மண்டி வீதியில் நல்ல வெல்லமும், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயும் வாங்கிவிடலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது பிரெட்டைத்தான்.

பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டுமே சொல்லும். பாலும் வெண்ணெயும் சேர்த்த பொருளுக்கும் அதே புள்ளிதான். கவரின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பால் சேர்த்திருந்தால் அலர்ஜி தரும் பொருள்களின் வரிசையில் ‘மில்க்’ என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சேர்மானப் பட்டியலில் மில்க் சாலிட்ஸ், வே, கேசினேட் என்று எது இருந்தாலும் பால்தான். ‘மே கன்டெய்ன் மில்க்’ என்று போட்டிருந்தாலும் உங்கள் பையனுக்கு வேண்டாம். பால் செரிக்காமல் வயிறு உப்புகிறவர்களுக்குத் துளி கலந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அலர்ஜி அப்படியில்லை, துளியும் ஆபத்தாகலாம். அதனால்தான் தெருமுனை பேக்கரியின் லேபிள் இல்லாத பிரெட்டையும் தவிர்க்கச் சொல்கிறேன். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் மில்க் பன் வெந்த தட்டிலேயே இதுவும் வெந்திருக்கும்.

தேங்காய்ப்பாலை வீட்டிலேயே பிழிந்துவிடுங்கள். கடையில் விற்கும் தேங்காய்ப்பால் பவுடர் சிலவற்றில் கேசினேட் சேர்க்கிறார்கள். அது பாலின் புரதம். தேங்காய்ப் பெயர் போட்ட பாக்கெட்டில் யாரும் அதைத் தேட மாட்டார்கள்.

இனி செய்முறை. இரண்டு மேசைக்கரண்டி வெல்லத்தைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். மண் இருக்கும் என்பதால் வடிகட்டாமல் விடாதீர்கள். வெல்லம் வாங்கும்போது பளீரென்ற மஞ்சளை விட்டுவிட்டு அடர்நிறத்தை எடுங்கள், வெளுக்க மருந்து போட்டிருக்கும் வாய்ப்பு அதில் குறைவு. ஆறிய பாகில் அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு டீஸ்பூன் அரிசி மாவு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. முட்டை இல்லாத குறையை அரிசி மாவு சரிக்கட்டும். நான்கு துண்டு பிரெட்டுக்கு இது போதும். முந்தின நாள் பிரெட் என்றால் இன்னும் நல்லது, புதுசு ஊறிக் குழைந்துவிடும். இருபுறமும் சட்டென்று தோய்த்து, தோசைக்கல்லில் தேங்காய் எண்ணெய் விட்டுச் சிறு தீயில் சிவக்க விடுங்கள். தீ கூடினால் வெல்லம் கருகிக் கசக்கும். பாகை இரவே காய்ச்சி வைத்துவிட்டால் காலையில் பத்து நிமிட வேலைதான். தேங்காய்ப்பாலை மட்டும் முன்கூட்டிப் பிழிந்து வெளியே வைக்காதீர்கள், வேலூர் வெயிலுக்குச் சீக்கிரம் புளித்துவிடும்.

வேர்க்கடலை ஒத்துக்கொள்ளும் பையன் என்றால், நம் பக்கத்துக் கடலையை வறுத்து வெல்லத்தோடு பொடித்து மேலே தூவுங்கள். அவ்வளவு ருசியாக இருக்கும்.

அப்புறம் ஒன்று. பாலைக் குறிப்பிடாத பிரெட்டைத் தின்று உடம்பு தடித்தால், முதலில் டாக்டரிடம் ஓடுங்கள். மூச்சு வாங்கினால் ஒரு நொடியும் காத்திருக்க வேண்டாம். கவரையும் பில்லையும் எறிந்துவிடாமல் வைத்திருந்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். பேட்ச் எண்ணும் தேதியும் அந்தக் கவரில்தான் இருக்கும்.