ராணுவம் இல்லாத நாட்டில் ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி

"கோஸ்டா ரிகாவில் ராணுவமே கிடையாதாமே அண்ணா, பக்கத்தில் நிகரகுவா வேறு. குழந்தைகளோடு வந்தால் பயமில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மத்திய அமெரிக்காவின் இந்தச் சின்ன நாட்டில் ராணுவம் இல்லை என்பது நிஜம்தான் தம்பி. 1948இல் அதிபர் தேர்தல் முடிவை நாடாளுமன்றம் செல்லாது என்று சொல்லப்போய், 44 நாள் உள்நாட்டுப் போர். போரில் ஜெயித்தவர் ஹோசே ஃபிகரெஸ். ஜெயித்தவர்கள் பட்டாளத்தைப் பெருக்குவார்கள். இந்த மனிதர் கலைத்தார். அந்த டிசம்பர் 1 அன்று தலைநகர் சான் ஹோசேயின் பெய்யாவிஸ்தா பாசறைச் சுவரில் சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு! மறுவருட அரசியல் சாசனத்தில் 12ஆவது பிரிவாகவே ராணுவ ஒழிப்பு ஏறிவிட்டது. பாசறை இப்போது தேசிய அருங்காட்சியகம். பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். கோபுரத்தில் குண்டு பட்ட பள்ளங்களைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள். என் மகள் எண்ண ஆரம்பித்து, பாதியில் ஐஸ்கிரீம் கேட்டாள்.

அக்கம்பக்கத்தில் குவாத்தமாலாவும் எல் சால்வடோரும் நிகரகுவாவும் உள்நாட்டுப் போரில் எரிந்த காலத்திலும் இங்கே நாலு வருடத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. பதவி முடிந்த அதிபர் மறுபடி நிற்க 8 வருடம் காத்திருக்க வேண்டும். தேர்தலன்று தெருவெல்லாம் கொடி கட்டிய கார்களின் ஹாரன்தான், நம் ஊர்த் திருவிழா மாதிரி.

நிகரகுவாக்காரர்களை நினைத்துப் பயப்படாதீர்கள். இங்கே காப்பிப் பழம் பறிப்பதும் கட்டடம் கட்டுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். கோஸ்டா ரிகாவின் மக்கள்தொகையே அரைக்கோடிக்குச் சற்று மேல். பாதிக்கு மேல் சான் ஹோசேயைச் சுற்றிய மத்தியப் பள்ளத்தாக்கில். அப்புறம், கரீபியன் கரையில் லிமோனுக்கு ஒருமுறை போய்வாருங்கள். ரயில் பாதை போட வந்த ஜமைக்காக்காரர்களின் வாரிசுகள் அங்கே தேங்காய்ப்பாலில் சோறும் பயறும் சேர்த்துச் சமைப்பார்கள். முதல் கவளத்திலேயே ஊர் ஞாபகம் வந்துவிடும்.

பயப்பட வேண்டியது திருட்டுக்கு. போதைமருந்துக் கும்பல்களின் சண்டையில் கொலைகளும் கூடிவிட்டன. 2023இல் மட்டும் 900க்கு மேல். அதனால்தான் வீட்டுக்கு வீடு இரும்புக் கம்பி. கடற்கரையில் நிறுத்திய காரில் பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். அரைமணி நேரத்தில் கண்ணாடியை உடைத்து என் லேப்டாப்பைத் தூக்கிவிட்டார்கள். புகார் கொடுக்கப் போனேன், முகவரி கேட்டார்கள். இங்கே கதவு எண்ணை யாரும் சொல்வதில்லை. "சான் பெத்ரோவில் பழைய அத்திமரத்திலிருந்து தெற்கே 200 மீட்டர்" என்றேன். அந்தப் பழைய மரம் எப்போதோ போய்விட்டது. போலீஸ்காரர் மறுகேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார்.