இரண்டு செங்கொடி, ஒரு கூட்டணி: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

தேர்தலைப் பற்றி எதை எழுதினாலும், டெல்டா மாவட்டங்களிலிருந்து வரும் கேள்விகளில் பாதி “கம்யூனிஸ்ட்டுகள் ஒன்று சேர்வார்களா?” என்பதில்தான் வந்து நிற்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மிச்சத்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மன்னார்குடி): வலது, இடது என்று இரண்டாகப் பிரிந்து கிடப்பதால்தானே இந்த நிலை? இரண்டும் சேர்ந்து நின்றால் திருவாரூர், நாகை இரண்டு மாவட்டங்களையும் அள்ளிவிடலாமே?

சேர்ந்துதானே நிற்கிறார்கள்! 2001, 2006, 2011, 2016, 2021 ஆகிய ஐந்து சட்டமன்றத் தேர்தல்களிலும் வலது எனப்படும் சிபிஐ, இடது எனப்படும் சிபிஎம் இரண்டும் ஒரே அணியில்தான் இருந்தன. மாறியது அணிதான். முதலில் அதிமுக, பிறகு திமுக, மறுபடி அதிமுக, அப்புறம் மக்கள் நலக் கூட்டணி, மறுபடி திமுக. இவர்கள் இருவர் மட்டும் சேர்ந்தால் போதுமா என்று கேட்டால், போதாது என்பதற்கு இரண்டு தேர்தல்கள் சாட்சி.

2014 மக்களவைத் தேர்தலில் ஜெயலலிதா எல்லாத் தொகுதிகளுக்கும் வேட்பாளரை அறிவித்துவிட, இரண்டு கட்சிகளும் தலா 9 இடங்களில் கைகோத்து நின்றன. நாகப்பட்டினம் உட்பட ஓர் இடமும் தேறவில்லை. 2016-ல் மதிமுக, விசிக, தேமுதிக, தமாகா என்று கூட்டம் பெரிதானது. விஜயகாந்த் முதல்வர் வேட்பாளர். அணி முழுவதற்கும் சேர்த்துக் கிடைத்தது பூஜ்யம். நெருங்கி வந்தவர் திருமாவளவன்தான். காட்டுமன்னார்கோவிலில் 87 வாக்கில் தோற்றார். 1952 முதல் கம்யூனிஸ்ட் உறுப்பினர் ஒருவராவது இருந்துவந்த சட்டமன்றத்தில் அந்த முறை யாருமே இல்லை.

திருத்துறைப்பூண்டியைப் பாருங்கள். 1996 முதல் 2011 வரை நான்கு தேர்தலிலும் சிபிஐ ஜெயித்த தொகுதி. அந்த நான்கில் இரண்டு முறை திமுக பக்கம், இரண்டு முறை அதிமுக பக்கம். எந்தப் பக்கம் நின்றாலும் ஜெயித்ததால், “இது நம்ம கோட்டை, யார் துணையும் வேண்டாம்” என்ற தெம்பு தோழர்களுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. 2016-ல் பெரிய கட்சி இல்லாமல் நின்றார்கள், தொகுதியைத் திமுக எடுத்துக்கொண்டது. 2021-ல் திமுகவோடு சேர்ந்து நின்று க.மாரிமுத்து மீட்டார். கீழ்வேளூரிலும் அதே கதை. 2011-ல் அதிமுக துணையோடு நாகை மாலி, 2016-ல் தோல்வி, 2021-ல் திமுக துணையோடு மறுபடி நாகை மாலி.

காரணம் ரொம்ப எளிது. ஒரு தொகுதியில் நாலில் ஒரு பங்கு சொந்த வாக்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு திராவிடக் கட்சிகளும் எதிரே நின்றால் அது மூன்றாவது இடம். அவற்றில் ஒன்று கூடவே நின்றால் அதே வாக்கு வெற்றி. இன்னொன்றும் உண்டு. வலதின் வேர் ஆழமாக இறங்கிய ஊரில் இடதுக்கு ஆள் குறைவு. இடது வலுவாக உள்ள ஊரில் வலதுக்கு அதே கதி. ஆக, இரண்டும் சேர்ந்தால் தொகுதிகளின் எண்ணிக்கைதான் கூடும், ஒரு தொகுதிக்குள் வாக்கு அவ்வளவாகக் கூடாது.

இதற்காகச் சொந்த பலத்தை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. 1989 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களில் 38-ஐ அதிமுக–காங்கிரஸ் அணி வாரிக்கொண்டு போனது. தப்பிய ஒரே தொகுதி நாகப்பட்டினம், ஜெயித்தவர் சிபிஐயின் மு.செல்வராசு. கூட இருந்த திமுகவுக்கே அந்தத் தேர்தலில் ஓர் இடமும் இல்லை. பெரிய கட்சியின் அலை மட்டும் போதுமென்றால் அது நடந்திருக்காது.

கேள்வி (முத்துப்பேட்டை): இரண்டு கம்யூனிஸ்ட்டுகளும் எதிரெதிர் அணியில் நின்றதாக அப்பா சொல்கிறார். நிஜமா?

நிஜம்தான், அதுவும் பல தடவை. 1964-ல் கட்சி உடைந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, காங்கிரஸை என்ன செய்வது என்பது. சேர்ந்து வேலை செய்யலாம் என்றது ஒரு தரப்பு, எதிர்த்தே நிற்க வேண்டும் என்றது மற்றது. அந்தச் சண்டை அடுத்த முப்பது ஆண்டுத் தமிழகத் தேர்தல்களில் விட்டு விட்டுத் தொடர்ந்தது. 1967-ல் சிபிஎம் அண்ணாவின் அணியில் சேர்ந்து 11 இடம் வென்றது, வெளியே நின்ற சிபிஐக்கு 2. 1971-ல் அப்படியே தலைகீழ்: சிபிஐ திமுகவோடு சேர்ந்து 8, தனியே நின்ற சிபிஎம்முக்கு ஒன்றுமில்லை. 1977-ல் சிபிஎம் எம்.ஜி.ஆரோடு, சிபிஐ காங்கிரஸோடு. 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் சிபிஎம் திமுகவோடு, சிபிஐ ஜெயலலிதா பக்கம் (அதே ஆண்டுக் கடைசியில் வந்த மக்களவைத் தேர்தலில்தான் சிபிஐ திமுக பக்கம் வந்தது). 1996-ல் சிபிஐ திமுக–தமாகா அணியில், சிபிஎம் வைகோவோடு.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது 1967-ம் 71-ம். வெளியே நின்ற கட்சி கொள்கையில் தாழ்ந்ததும் இல்லை, உள்ளே போன கட்சி உயர்ந்ததும் இல்லை. தொண்டர்கள் அதே ஆட்கள், கொடி அதே சிவப்பு. பக்கத்தில் நின்ற பெரிய கட்சிதான் வித்தியாசம். அப்பாவுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும், இன்னும் கேளுங்கள்.

கேள்வி (திருவாரூர்): இரண்டும் ஒரே கட்சியாக இணைந்தால் சின்னம் எதுவாக இருக்கும்?

கதிர் அரிவாளா, சுத்தியல் அரிவாள் நட்சத்திரமா என்று தீர்ப்பதற்கே ஒரு மாநாடு போட வேண்டியிருக்கும். இணைப்பு வேண்டும் என்று சிபிஐ பல காலமாகச் சொல்கிறது. முதலில் களத்தில் ஒற்றுமை வரட்டும் என்பது சிபிஎம்மின் பதில். கட்சி எந்த ஆண்டு பிறந்தது என்பதிலேயே (1925-ல் கான்பூரிலா, 1920-ல் தாஷ்கண்டிலா) இருவருக்கும் ஒத்துவரவில்லை. நான் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை.

கேள்வி (கீழ்வேளூர்): டெல்டாவில் இவர்களுக்கு எப்போதும் தனித் தொகுதிதான் (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது). பொதுத் தொகுதி கேட்க பயமா, அல்லது கொடுக்க மாட்டேன் என்கிறார்களா?

இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முதலில் வரலாறு. 1943-ல் கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாச ராவ் இந்தப் பக்கம் வந்து பண்ணையாட்களைத் திரட்டினார். சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) சவுக்கடியும் தண்டனையாக இருந்த காலம். 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் அவற்றுக்கு முடிவு எழுதப்பட்டது. அன்று சங்கத்துக்கு வந்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் கூலி உயர்வும் செங்கொடிச் சங்கமும் சேர்ந்த தகராறில்தான். மறு ஆண்டே நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதனால் திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், நாகை மக்களவை என்று இவர்களின் வலுவான இடங்கள் தனித் தொகுதிகளாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. குத்தகை விவசாயிகளும் இந்த இயக்கத்தில் இருந்தார்கள், அவர்களில் பல சாதியினர் உண்டு. மன்னார்குடி பொதுத் தொகுதி. 2006-ல் அங்கே சிபிஐயின் வை.சிவபுண்ணியம் ஜெயித்தார். 2011-ல் அது திமுகவின் கைக்குப் போனது, 2016, 2021-லும் திமுகவே வென்ற தொகுதியை அதே அணியிலிருந்து திருப்பிக் கேட்பது எப்படி? பெரிய கட்சியின் மாவட்டச் செயலாளர்களுக்குப் பொதுத் தொகுதியில்தான் கண். தனித் தொகுதி என்றால் கூட்டணிக்கு விட்டுக்கொடுக்க மனம் சீக்கிரம் இளகிவிடுகிறது. இதை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். திருப்பூர், மதுரை, திண்டுக்கல் எல்லாம் பொதுத் தொகுதிகள், அங்கே 2024-ல் இடதுசாரிகள் வென்றிருக்கிறார்கள். டெல்டாவில் மட்டும் ஒரு சமூகத்தின் கட்சி என்ற முத்திரை விழுந்தால் அதில் கூட்டணிப் பங்கீட்டுக்கும் பங்கு உண்டு.

கேள்வி (பட்டுக்கோட்டை): கேரளாவில் காங்கிரஸோடு குஸ்தி, இங்கே ஒரே மேடையில் சால்வை. இது வேஷம் இல்லையா?

2024-ல் வயநாட்டில் ராகுல் காந்தியை எதிர்த்து சிபிஐயின் ஆனி ராஜா நின்றார். அதே தேர்தலில் நாகப்பட்டினத்தில் சிபிஐயின் வை.செல்வராஜுக்குக் காங்கிரஸ்காரர்கள் ஓட்டு கேட்டார்கள். பார்க்க வேடிக்கைதான். ஆனால் கேரளாவில் ஆட்சிக்குப் போட்டியே இந்த இருவருக்கும் நடுவில்தான், சேர்ந்தால் எதிர்க்கட்சி இடம் காலியாகிவிடும். அங்கேயும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970-களில் சிபிஐயின் அச்சுத மேனன் முதல்வராக இருந்தது காங்கிரஸ் ஆதரவோடு, சிபிஎம் எதிர்வரிசையில். 1980-ல்தான் இரண்டும் இடது ஜனநாயக முன்னணியில் சேர்ந்தன. மேற்கு வங்கத்தில் 1977-ல் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தபோது சிபிஐ அதில் இல்லை, பிறகுதான் சேர்ந்தது. அங்கெல்லாம் சிபிஎம் என்ற பெரிய அண்ணன் இருந்ததால் இடதுசாரிகளால் தாங்களே ஒரு அணியைக் கட்ட முடிந்தது. இங்கே அண்ணன் இடத்தில் வேறு கட்சி.

கேள்வி (தஞ்சாவூர், கல்லூரி மாணவி): 2024-ல் பிரான்ஸில் இடதுசாரிகள் சில நாட்களிலேயே ஒன்று சேர்ந்து முதலிடம் பிடித்தார்களே. அது இங்கே முடியாதா?

நல்ல கேள்வி. சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட், பசுமைக் கட்சி, இடதுசாரித் தலைவர் மெலன்ஷோனின் கட்சி எல்லாம் சேர்ந்து புதிய மக்கள் முன்னணி அமைத்தன, அதிக இடமும் பிடித்தன. ஆனால் பெரும்பான்மைக்கு வேண்டிய 289 கிடைக்கவில்லை, பிரதமர் பதவியும் வரவில்லை. அங்கே தேர்தல் இரண்டு சுற்று; முதல் சுற்றில் பின்தங்கியவர் இரண்டாம் சுற்றில் விலகி, தீவிர வலதுசாரியைத் தோற்கடிக்கக்கூடியவருக்கு வழிவிடலாம். நமக்கு ஒரே சுற்று. விலக வேண்டுமென்றால் வேட்புமனு வாபஸ் தேதிக்குள் விலகியாக வேண்டும், அதாவது எல்லாவற்றையும் முன்கூட்டியே மேசையில் பேசி முடிக்க வேண்டும்.

கேள்வி (நன்னிலம்): திமுகவிடம் கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டு எதிர்த்து எப்படிப் பேசுவார்கள்?

2019 தேர்தல் செலவுக் கணக்கில் சிபிஐக்கு 15 கோடி, சிபிஎம்முக்கு 10 கோடி ரூபாய் கொடுத்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்தில் காட்டியது. தேர்தல் செலவுக்குத்தான் என்று கட்சிகள் விளக்கம் சொல்லின. சட்டத்தில் தவறில்லை, ஆனால் உண்டியல் குலுக்கி வளர்ந்த கட்சிகளுக்கு இது அழகில்லை என்பது என் அபிப்பிராயம்.

பேசவே இல்லை என்பதும் சரியில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியபோது கூட்டணிக்குள் இருந்தபடியே எதிர்த்தார்கள், மே 1 அன்று அது வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். இரண்டு கட்சிகளும் ஒரே குரலில் பேசிய இடம் அது. இடப் பங்கீட்டில் மட்டும் தனித்தனியாகப் போய் உட்காருகிறார்கள். 2021-ல் இருவருக்கும் ஆளுக்கு 6 வந்தது. 12 என்று சேர்த்துக் கேட்டு, எந்தெந்தத் தொகுதி என்பதையும் தாங்களே பிரித்துக்கொண்டிருந்தால் டெல்டாவில் ஒரு பொதுத் தொகுதியாவது கிடைத்திருக்கும். இருவருக்கும் நடுவே இன்னும் மிச்சமிருக்கும் ஒற்றுமை வேலை இதுதான்.

கேள்வி (பாபநாசம்): சிபிஐ (எம்.எல்.) லிபரேஷன் கட்சியையும் சேர்த்துக்கொண்டால்?

பீகார் பாடத்தைப் பாருங்கள். 2020-ல் ராஷ்ட்ரிய ஜனதா தள அணியில் மூன்று இடதுசாரிக் கட்சிகளுக்கும் 29 இடம், வென்றது 16. அதில் 12 லிபரேஷனுக்கு. 2025-ல் அணி சரிந்தபோது மூன்றுக்கும் சேர்த்து 3 தான் மிஞ்சியது. இங்கே சேர்த்தால் நல்லதே, கணக்கு பெரிதாக மாறாது.

கேள்வி (வேதாரண்யம், விவசாயத் தொழிலாளி): இவர்கள் சேர்ந்தாலும் பிரிந்தாலும் எங்களுக்கு என்னங்க? நூறு நாள் வேலைக் கூலி நேரத்துக்கு வரவில்லை, கொள்முதல் நிலையத்தில் நெல் நனைகிறது.

உங்கள் ஊரில் இரண்டு கட்சிக்கும் தனித்தனி விவசாயத் தொழிலாளர் சங்கம் இருக்கும். ஒரே கோரிக்கைக்கு ஒன்று திங்கட்கிழமை மறியல், மற்றது வியாழக்கிழமை ஆர்ப்பாட்டம். தாசில்தாருக்கு இது வசதி. சேர்ந்து ஒரே நாளில் உட்காரச் சொல்லி இரண்டு கிளைச் செயலாளர்களையும் நீங்களே கேளுங்கள், அதற்குச் சென்னையின் அனுமதி தேவையில்லை. உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, பெரிய கட்சியின் தயவும் அவ்வளவாக வேண்டியதில்லை. ஆனால் ஒன்றியக் கவுன்சிலருக்குச் சின்னம் உண்டு. அந்த இடத்துக்கு வலதும் இடதும் ஒருவரையொருவர் எதிர்த்து மனுப் போட்டால், வாபஸ் வாங்கும் கடைசி நாளுக்குள் இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வையுங்கள்.