குசினிப் புகை, தோட்டத்துக் கிணறு, ஈயக்குண்டு

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: காஸ் விலை ஏறினபோது விறகுக்கு மாறினோம், இன்னும் திரும்பவில்லை. நாலு வயது மகளுக்கு இரவில் இருமல், சில நாள் முட்டு. புகைதான் காரணமா?

புகையாக இருக்க நிறையவே இடமுண்டு. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது; விறகுக்கு மாறியது உங்கள் பிழையில்லை. ஆனால் அடுப்பை எதைக் கொண்டு மூட்டுகிறீர்கள்? பொச்சு நனைந்திருந்தால் பிளாஸ்டிக் ஷொப்பிங் பையில் ஒரு துண்டைக் கிழித்துப் பற்றவைப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். முதலில் அதை விடுங்கள். மாரிக்கு முன்பே விறகைக் காயவைத்துக் கூரைக்குள் அடுக்குங்கள். அடுப்பைப் பத்திக்கு மாற்ற முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் உலை கொதிக்கும்வரை பிள்ளை முற்றத்தில் இருக்கட்டும். மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் கைவைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

நிலாவெளியிலிருந்து: எங்கள் கிணற்றைச் சுற்றி வெங்காயத் தோட்டம். மூன்று மாதக் குழந்தைக்கு நீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கலாமா?

கொடுக்கவேண்டாம். மணல் நிலத்தில் போடும் யூரியா நைத்திரேற்று என்ற உப்பாகி நேரே கிணற்றுக்கு இறங்கும். பக்கத்து மலசலகூடக் குழியும் அதே வேலையைச் செய்யும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால், அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு உதடு நீலம் பாரிக்கலாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரே தேவையில்லை. இதற்குக் காசும் தேவையில்லை. பிறகு குழாய்நீர். கிணற்று நீரைப் பரிசோதிக்க வழி கேட்டு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ) பேசுங்கள்.

கடற்றொழிலாளி ஒருவர்: பழைய பற்றரியை உடைத்து வளவில் ஈயம் உருக்கி, வலைக்குக் குண்டு வார்க்கிறேன். கடையில் வாங்கக் கட்டாது. பிள்ளைகளுக்கு ஆபத்தா?

ஆம், பெரிய ஆபத்து. உடைக்கும்போதும் உருக்கும்போதும் எழும் ஈயத் தூசு மண்ணில் விழும், உங்கள் சாரத்தில் ஒட்டும், தவழும் பிள்ளையின் கைவழியே வாய்க்குள் போகும். விழுங்கும் ஈயத்தைச் சிறுபிள்ளையின் உடம்பு பெரியவரைவிட நாலைந்து மடங்கு உறிஞ்சும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். சோறும் சம்பலும் மட்டுமே சாப்பிடும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரே தூசு இரட்டைத் தண்டனையாவது இப்படித்தான். ஈயத்தால் படிப்பு மந்தமானால் “குழப்படி” என்று அடியும் விழும்.

வளவில் பற்றரி உடைப்பதையும் உருக்குவதையும் இன்றோடு நிறுத்துங்கள். வார்த்த குண்டை நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை கொஞ்சமாவது இறங்கும். உருக்கிய அடுப்பின் சாம்பலால் சட்டி விளக்கவேண்டாம். அந்த இடத்தைக் காய்ந்தபடி கூட்டாமல், ஈரத்துணியால் துடையுங்கள். வைத்தியரிடம் சொல்லிப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈய அளவு பார்க்கக் கேளுங்கள். டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமே கவனிக்கவேண்டிய அளவு. இரும்புச்சத்துக்கு, விற்காமல் மிஞ்சும் சூடை மீனைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், முருங்கையிலைச் சுண்டலில் தேசிக்காய் பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ மட்டும் வேண்டாம், அது இரும்பைத் தடுக்கும்.

மூதூரிலிருந்து: மாலையில் குப்பை எரித்தால் நுளம்பு போய்விடும்தானே?

அரை மணித்தியாலம் போகும். பிறகு எரியாமல் கிடக்கும் சிரட்டைக்கும் தயிர்முட்டிக்கும் திரும்பி வந்து முட்டையிடும். அவற்றைக் கவிழ்த்து வையுங்கள்.