வாக்கெடுப்புக்கு மறுநாள்: தில்லி வாசகர்களின் கேள்விகள்

தில்லியில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தமிழ் மாணவர்களும், பல்லாண்டுகளாக இங்கு வாழும் தமிழ்க் குடும்பத்தினரும் விடுதலை வாக்கெடுப்புகளைப் பற்றிக் கேட்டவற்றுக்கு, பன்னாட்டுச் சட்டம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

பழைய ராஜிந்தர் நகர் மாணவி: ஐயா, பெரும்பான்மையினர் 'ஆம்' என்று வாக்களித்துவிட்டால் ஒரு பகுதி தனி நாடாகிவிடுமா?

ஆகாதம்மா. வாக்கின் முடிவை ஏற்றுக்கொள்வதாகத் தாய்நாடு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். 2006 மே 21 அன்று, செர்பியாவுடன் இணைந்திருந்த மொண்டெனேகுரோவில் 55 விழுக்காடு தேவை என்ற விதி முன்னதாகவே வகுக்கப்பட்டிருந்தது, கிடைத்ததோ 55.5. செர்பியா அதை ஏற்றது, ஜூன் 28 அன்று ஐ.நா.வில் இடமும் கிடைத்தது. ஈராக்கின் குர்திஸ்தானில் 2017 செப்டம்பரில் 92 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவு இருந்தும் பாக்தாத் ஏற்கவில்லை. அடுத்த மாதமே, குர்துகளின் கையிலிருந்த எண்ணெய் வளம் மிக்க கிர்க்கூக் ஈராக் படைகளின் வசமானது.

ஆர்.கே. புரம் வாசகர், ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர்: தெற்கு சூடான் மக்கள் ஏறக்குறைய ஒருமனதாக வாக்களித்தும் அங்கு ஏன் அமைதி வரவில்லை?

சூடான் அரசும் தெற்கின் கிளர்ச்சியாளர்களும் செய்துகொண்ட 2005 அமைதி ஒப்பந்தத்தின்படி 2011 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் 98.83 விழுக்காட்டினர் பிரிவினையை ஆதரித்தனர். ஜூலை 9 அன்று நாடு பிறந்தது. ஆனால் எண்ணெய் வயல்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு தெற்கே இருக்க, அதைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய்களோ வடக்கே போர்ட் சூடானுக்குச் சென்றன. அதற்கான கட்டணம் எவ்வளவு என்பது முடிவாகாமலேயே கொடி ஏற்றப்பட்டது. தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. விதேஷ் 2003-இல் பங்கு வாங்கியிருந்த எண்ணெய்த் திட்டத்தையும் புதிய எல்லை இரண்டாகப் பிரித்தது. கட்டணத் தகராறு முற்றி, 2012 ஜனவரியில் தெற்கு சூடான் தன் வருவாயின் பெரும்பகுதியைத் தந்த எண்ணெய் உற்பத்தியைத் தானே நிறுத்தியது. இரு தரப்பும் உரிமை கோரிய எல்லைப் பகுதியான அபியேக்கு உறுதியளிக்கப்பட்ட தனி வாக்கெடுப்பும் உரிய காலத்தில் நடைபெறவில்லை.

இவை வடக்கோடு இருந்த தகராறுகள். உள்ளே, வெவ்வேறு தலைவர்களுக்குக் கட்டுப்பட்ட ஆயுதக் குழுக்கள் ஒரே தேசியப் படையாக இணையவே இல்லை. 2013 டிசம்பரில் அதிபர் சல்வா கீருக்கும், பதவி நீக்கப்பட்ட துணை அதிபர் ரீக் மச்சாருக்கும் இடையே மூண்ட பூசல் உள்நாட்டுப் போராயிற்று. மக்கள் தவறாக வாக்களித்தார்கள் என்று கூறுவோரை நான் ஏற்பதில்லை. இருபதாண்டுக்கு மேல் போரில் வெந்தவர்களுக்கு அந்த வாக்கை விட்டால் வேறு என்ன இருந்தது?

மயூர் விஹார் வாசகி: பணமும் பழைய கடனும் என்னவாகும்?

எல்லாம் பேச்சுவார்த்தையைப் பொறுத்தவை. மொண்டெனேகுரோ யூரோவையும், கிழக்குத் திமோர் அமெரிக்க டாலரையும் பயன்படுத்துகின்றன. 1993-இல் பிரிந்த எரித்திரியா 1997-இல் நக்ஃபா என்ற சொந்த நாணயத்தை வெளியிட்டபோது எத்தியோப்பியாவுடனான வணிகம் முடங்கியது. மறு ஆண்டு எல்லைப் போர் மூண்டதற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். சூடானின் அந்நியக் கடனை, தள்ளுபடி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில், வட சூடானே முழுவதுமாக ஏற்றது.

கரோல் பாக் மாணவர்: வாக்களிப்புக்கும் விடுதலைக்கும் இடையே நாட்டை யார் ஆள்வது?

மிக ஆபத்தான காலம் அதுவே. 1999 ஆகஸ்ட் 30 அன்று கிழக்குத் திமோரில் 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவிடமிருந்து பிரிய வாக்களித்ததும், ஆயுதக் குழுக்கள் ஊர்களைக் கொளுத்தின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆஸ்திரேலியா தலைமையிலான படை வந்த பிறகே தீ அடங்கியது. பின்னர் ஐ.நா. நிர்வாகம் நீதிமன்றம், காவல்துறை, சுங்கம் என ஒவ்வொன்றாக நிறுவி, 2002 மே 20 அன்று ஆட்சியை அம்மக்களிடம் ஒப்படைத்தது.